உள்ளே ஆள் இருக்கு

"அண்ணா, சர்வர் செத்துப்போச்சு" என்று ஆபீஸ் தம்பி போன் செய்தால் நான் பதறுவதில்லை. "பிங் போகுதா?" என்பேன். "போகுது." "அப்ப சாகலை. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருக்கு."

உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்றொரு ஃபயர்வால் உண்டு. எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் அதை இயக்கினால், 'இருக்கிற இணைப்பு பாதிக்கப்படலாம், தொடரட்டுமா?' என்று கேட்கும். இப்படி எது கேட்டாலும் படிக்காமல் ஒய் அடிப்பதுதான் எங்கள் தொழில் மரபு. தம்பியும் அடித்தான், 22ஆம் போர்ட்டுக்கு அனுமதி கொடுக்காமலே. வேடிக்கை என்னவென்றால், ஒன்றும் ஆகவில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை ஃபயர்வால் கழுத்தைப் பிடித்துத் தள்ளாது. நடக்கிற இணைப்பை நடக்கவிடும். 'சும்மா பயமுறுத்துது' என்று எக்ஸிட் அடித்துவிட்டு டீக்குப் போனான். வந்து பார்த்தால் டைம் அவுட்.

விதியில் ரிஜெக்ட் என்று இருந்தால் மறுப்பாவது உடனே வரும். டிராப் என்றால் பதிலே கிடையாது. கடன் கேட்டுப் போனால் 'இல்லைப்பா' என்று சொல்லி அனுப்பும் சித்தப்பா ஒரு ரகம். விளக்கை அணைத்துவிட்டு உள்ளே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா இன்னொரு ரகம். யூஎஃப்டபிள்யூ பெரியப்பா ரகம். பிங்குக்கு மட்டும் பதில் சொல்லும், அதுவும் அதன் ஆயத்த விதிகளில் அப்படி எழுதியிருப்பதால்.

"விர்ச்சுவல் மெஷின்தானே அண்ணா, ஹோஸ்ட்லேருந்து கன்சோல்ல போயிடறேன்" என்றான். நியாயமான பேச்சு. கன்சோல் நெட்வொர்க் வழியாகப் போவதில்லை, ஃபயர்வாலுக்கு அங்கே வேலையும் இல்லை. விர்ஷ் கன்சோல் என்று அடித்தான். 'கனெக்டட்' என்றது. அதற்குக் கீழே வெறும் கறுப்புத் திரை. என்டரைத் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான்.

இது வேறு மௌனம். சீரியல் கம்பி இருக்கிறது, மறுமுனையில் பேசத்தான் ஆளில்லை. கர்னல் வரியில் கன்சோல் டிடிஒய்எஸ்0 என்று சேர்த்திருந்தால் லாகின் கேட்டிருக்கும். அதைச் சேர்க்க உள்ளே போக வேண்டும். உள்ளே போகத்தான் கன்சோல்.

சரி, வெளியே வா என்றால் அதுவும் முடியவில்லை. கன்ட்ரோல்-சி அடித்தால் அது மெஷினுக்குப் போய்விடுகிறது. கன்ட்ரோலோடு வலப்பக்கச் சதுர அடைப்புக்குறி அடித்தால்தான் விடுதலை. இதைத் தொடக்கத்திலேயே சொல்லித்தான் உள்ளே விடுகிறார்கள், யார் படிக்கிறார்கள்?

விஎன்சி திரைக்குப் போனோம். அது ஹோஸ்ட்டின் 127.0.0.1இல் 5900ஆம் போர்ட்டில் இருந்தது, ஆகவே அதற்கொரு எஸ்எஸ்ஹெச் சுரங்கம். வந்தது ஐயா லாகின்! பாஸ்வேர்டு? சாவிக் கோப்பு மட்டும்தான், பாஸ்வேர்டு என்று ஒன்றை யாரும் வைத்ததே இல்லை. வாசலில் நின்று அழகு பார்க்கலாம்.

கடைசியில் மெஷினை அணைத்து, விர்ட்-எடிட்டால் அதன் டிஸ்க்கைத் திறந்து, யூஎஃப்டபிள்யூ கான்ஃப் கோப்பில் 'யெஸ்' இருந்த இடத்தில் 'நோ' போட்டேன். கிளப்பியதும் கதவு திறந்தது. பூட்டைத் தொடாமல் சுவரைக் கழற்றிய கதைதான். ஹோஸ்ட் கையில் இருப்பவனிடம் எந்த ஃபயர்வாலின் ஜம்பமும் செல்லாது.

தம்பிக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். ஃபயர்வாலில் கை வைக்குமுன், பத்து நிமிஷம் கழித்து அது தானாக அணையும்படி அட் கட்டளையில் ஒரு வேலை போட்டுவிடு. புது ஜன்னலில் லாகின் ஆகிறதா பார். ஆகிறது என்றால் அந்த வேலையை ரத்துசெய்.

முதல் பாதியை அவன் தவறாமல் செய்கிறான். அதன்பிறகு எந்த சர்வரும் அவனை வெளியே நிறுத்தியதில்லை. ஆடிட்டுக்கு வந்தவர் ஃபயர்வால் நிலவரத்தைக் கேட்டபோதுதான் மறுபாதியைப் பற்றித் தெரிந்தது. ஸ்டேட்டஸ்: இன்ஆக்டிவ். எல்லா மெஷினிலும்.