வீட்டுக்கு ஒரு மாடு வளர்ப்போம்

பசுவிடம் அன்பு காட்டுவதில் ராஜஸ்தான் அரசை மிஞ்ச ஆளில்லை. நாட்டிலேயே முதன்முதலாகப் பசுவுக்கென்று ஓர் அமைச்சரை வைத்துக்கொண்ட மாநிலம் அது. 2017-ல் வீடு மனை பதிவு செய்கிறவர்கள் கட்டும் முத்திரைத்தாள் கட்டணத்தின் மேல் பசுவுக்காக 10 சதவீதம் ஏற்றினார்கள். அடுத்த ஆண்டு மது மீதான வரியின் மேல் 20 சதவீதம். ஆகவே பிகானேரில் ஒருவர் சாயங்காலம் ஒரு குவார்ட்டர் வாங்கினால், கோமாதாவுக்குத் தொண்டு செய்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார். தள்ளாடித் திரும்பினால் தொண்டு சற்றுக் கூடுதல் என்று கொள்க.

இப்படி உருகும் ஓர் அரசு, பசுவை வீட்டில் வைத்திருப்பவனை மட்டும் சும்மா விட்டுவிடுமா? 2022 ஏப்ரலில் அவனுக்கும் ஒரு நெறிமுறை வந்தது. பிகானேர், ஜோத்பூர் மாநகராட்சிகளானாலும் சரி, பாலைவனத்துக்குள்ளே ஜெய்சல்மேர், பார்மேர் நகர்மன்றங்களானாலும் சரி, ஊர் எல்லைக்குள் பசுவோ எருமையோ வளர்க்க உரிமம் வேண்டும் என்றது அது. ஆண்டுக் கட்டணம் 1,000 ரூபாய். மாட்டுக்கென்று தனியாக 100 சதுர கஜம் இடம் காட்ட வேண்டும்.

100 சதுர கஜம் என்றால் 900 சதுர அடி. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் நகர்ப்புற ஏழைக் குடும்பத்துக்கு அனுமதிக்கப்படும் உள்பரப்பு 30 சதுர மீட்டர் வரை, அதாவது 320 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. அப்பா, அம்மா, பிள்ளைகள், பாட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்த தையல் மெஷின் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பசுவுக்கு அப்படி மூன்று வீடு தேவைப்படாதா பின்னே? மனிதனைவிடப் பசு எத்தனை மடங்கு உயர்ந்தது என்று சாத்திரங்கள்கூடக் கணக்குப் போட்டதில்லை. உள்ளாட்சித் துறை போட்டுவிட்டது. ஏறக்குறைய 2.8 மடங்கு.

பிகானேரின் பழைய நகரத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை இன்னும் நன்றாக விளங்கும். ஒரு மாடு எதிரே வந்தால் மனிதர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள். முச்சந்திகளில் பாட்டா எனப்படும் பெரிய மரப்பலகை மேடைகள்; இரவெல்லாம் ஊர்க்கதை பேசுகிறவர்களுக்கானவை. இந்தச் சந்துகளுக்குள் 100 சதுர கஜத்தைத் தனியே எடுத்துவைக்கக் கூடியவர், பழைய ஹவேலி மாளிகை ஒன்றின் சொந்தக்காரராகத்தான் இருப்பார். அவர் பால் கறந்து விற்றுப் பிழைக்கிறவர் அல்லர். இதுதான் நெறிமுறையின் நுட்பம்: மாடு யாருக்குத் தேவையில்லையோ அவருக்கே அதை வளர்க்கும் தகுதி உண்டு. பற்றற்றவனுக்கே உடைமை என்று எந்த மடத்திலும் இவ்வளவு கறாராக நடத்திக்காட்டியதில்லை.

வீட்டுக்கு ஒரு மாடு, ஒரு கன்று. அதற்கு மேல் கூடாது. நாமிருவர் நமக்கொருவர் என்று மனிதரிடம் சொல்லிப் பார்த்துக் களைத்த அரசு, சொன்னபடி கேட்கும் சாதியிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரே ஒரு சிறு சிக்கல். பசு பால் கொடுக்க வேண்டுமென்றால் மறுபடி மறுபடி கன்று ஈன வேண்டும் என்பது, நெறிமுறை வருவதற்கு முன்பே ஏற்பட்டுவிட்ட பழைய ஏற்பாடு. புதுக் கன்று பிறந்ததும் பழைய கன்று கணக்கில் மிஞ்சிவிடும். அதை வைத்திருந்தால் உரிமத்துக்கு ஆபத்து. தெருவில் விட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம். காளைக் கன்றென்றால் வாங்குவாரும் இல்லை. 1995-லிருந்து இருக்கும் வதைத் தடைச் சட்டம் அதன் கடைசிச் சந்தையையும் மூடிவிட்டது. பிறகு அதை என்னதான் செய்வது? நெறிமுறை இங்கே அடக்கமாக மௌனம் காக்கிறது. எல்லாவற்றையும் அரசே சொல்லிவிட்டால் குடிமகனுக்குக் கற்பனைத்திறன் எப்படி வளரும்?

மாட்டின் காதில் வில்லை மாட்ட வேண்டும். அதில் உரிமையாளரின் பெயர், முகவரி, கைபேசி எண். சாணத்தைப் பத்து நாளுக்கு ஒருமுறை ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வறட்டி தட்டி அடுப்பெரித்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பாலைவனத்து ஜனங்களுக்கு, அது வெளியே அனுப்பவேண்டிய பொருள் என்று யாராவது சொல்லித்தர வேண்டாமா?

தூய்மை பற்றிப் பேச உள்ளாட்சிகளுக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். அனுபவம்தான் தகுதி. 2016 மழைக்காலத்தில், ஜெய்ப்பூர் மாநகராட்சி தன் பொறுப்பில் நடத்திய ஹிங்கோனியா கோசாலையில், ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய, சேற்றிலும் சாணத்திலும் சிக்கிப் பட்டினியோடு நூற்றுக்கணக்கான பசுக்கள் செத்தன. அனுபவத்திலிருந்து பாடம் கற்கிறவர்கள் எங்கும் உண்டு. தன் அனுபவத்திலிருந்து அடுத்தவனுக்குப் பாடம் எடுக்கிறவர்கள்தான் அபூர்வம்.

ஆனால் மாட்டு விஷயத்தில் காட்டிய திறமையெல்லாம் வெறும் பயிற்சி. கைதேர்ந்த வேலையைப் பார்க்க வேண்டுமானால் ஒட்டகத்திடம் போக வேண்டும்.

ஒட்டகம் மேய்க்கும் ராய்க்கா மக்கள் ஒரு கதை சொல்வார்கள். பார்வதி விளையாட்டாகக் களிமண்ணில் ஐந்து கால் விலங்கு ஒன்றைச் செய்து, உயிர் கொடுக்கச் சொல்லிச் சிவனை நச்சரித்தாள். உயிர் வந்த விலங்கால் நடக்க முடியவில்லை. சிவன் ஐந்தாவது காலை மேலே தள்ளி முதுகில் திமிலாக்கினார். பிறகு, இதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே என்று முதல் ராய்க்காவைப் படைத்தார். விலங்கோடு ஆளையும் சேர்த்துக் கட்டிவிட்ட அந்தப் பழைய அவசரத்தைத் திருத்தத்தான் ராஜஸ்தானுக்குச் சட்டமன்றம் இருக்கிறது.

2014-ல் ஒட்டகம் மாநில விலங்கானது. 2015-ல் அதைக் காக்கத் தனிச் சட்டம் பிறந்தது. 1995 மாட்டுச் சட்டத்தின் தலைப்பையே அளவெடுத்து ஒட்டகத்துக்கும் தைத்தார்கள். கொல்லக் கூடாது, அனுமதியில்லாமல் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. கேட்பதற்கு எவ்வளவு இதமாக இருக்கிறது! இத்தனைக்கும் ராய்க்காக்கள் ஒட்டகத்தைத் தின்னாதவர்கள்; பெண் ஒட்டகத்தை விற்பதையே பாவம் என்று நினைத்தவர்கள். ஆண் குட்டிகளை வளர்த்து, கார்த்திகைப் பௌர்ணமியில் புஷ்கர் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்பதுதான் ஒட்டகத்தில் அவர்களுக்கு முக்கிய வருமானம். வாங்குகிறவர் வெளிமாநிலத்திலிருந்து வருவார். வாங்கியதை எல்லை தாண்டி ஓட்டிப்போகக் காகிதம் வேண்டும் என்றானதும் அவர் வருவதைக் குறைத்துக்கொண்டார். விலை சரிந்தது. விற்க முடியாத விலங்கை எத்தனை நாள்தான் மேய்ப்பது என்று ராய்க்கா இளைஞர்கள் நகரத்து வேலைகளுக்குப் பெயர்ந்தார்கள். விலங்கு வேறு, ஆள் வேறு. சிவன் போட்ட முடிச்சு அவிழ்ந்தது.

பலன் கைமேல் தெரிந்தது. 2012 கணக்கெடுப்பில் ராஜஸ்தானில் ஒட்டகம் 3.26 லட்சம்; 2019-ல் 2.13 லட்சம். முழுப் பெருமையும் சட்டத்துக்கே என்றால் மற்றவர்கள் வருத்தப்படுவார்கள். டிராக்டருக்கும், மேய்ச்சல் நிலத்தை வயலாக்கிய இந்திரா காந்தி கால்வாய்க்கும், ஜெய்சல்மேர்ப் பக்கம் ஓரண் எனப்படும் கோயில் காட்டு நிலங்களில் வந்திறங்கிய மின்திட்டங்களுக்கும் பங்கு உண்டு. அவை பல பத்தாண்டுகளாக முக்கி முனகிச் செய்துகொண்டிருந்த வேலைக்கு அன்பும் வந்து தோள்கொடுத்தது. ஒட்டகத்துக்கு ஓரிடத்திலா கோணல் என்பார்கள். எண்ணிக்கையே குறைந்தால் கோணலும் குறையும் அல்லவா.

அரசு அதோடும் நிற்கவில்லை. 2016-ல், பிறக்கும் ஒட்டகக் குட்டி ஒன்றுக்கு 10,000 ரூபாய், மூன்று தவணையில் தருவதாகத் திட்டம் போட்டது. மாடு தெருவுக்குப் போனாலும் 10,000, ஒட்டகம் குட்டி போட்டாலும் 10,000. வாங்குவது எது, கொடுப்பது எது என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும். 2015-ல் ஒரு கட்சி, 2022-ல் இன்னொரு கட்சி. ஆட்சி மாறினாலும் இந்த அன்பில் மாற்றமில்லை. ஜனவரியில் பிகானேருக்குப் போகிறவர்கள் ஒட்டகத் திருவிழாவில், உடம்பு முழுக்கக் கோலம் போட்டதுபோல் முடி கத்தரித்த ஒட்டகங்களைப் பார்த்துவிட்டு, அங்குள்ள தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையத்தில் ஒட்டகப் பால் குல்ஃபியும் சாப்பிடலாம். ஐநா சபை 2024-ஐ ஒட்டக இன விலங்குகளின் ஆண்டாகக் கொண்டாடியதே, அந்த விழாவுக்கு ராஜஸ்தான் சட்டமன்றத்திலிருந்து யாரையாவது தலைமை தாங்க அழைத்திருக்கலாம்.

இவ்வளவு திறமை இருக்கும்போது, நாட்டில் பல ஊர்கள் தெருநாய்களை வைத்துக்கொண்டு ஏன் திண்டாட வேண்டும் என்பதுதான் புரியவில்லை. கருத்தடை முகாம், காப்பகம், நீதிமன்றம் என்று எத்தனை அலைச்சல். தெருநாயை மாநில விலங்காக அறிவியுங்கள். மாநில எல்லையைத் தாண்டக் கூடாதென்று சட்டம் போடுங்கள். வளர்ப்பவர் 900 சதுர அடி காட்டட்டும். குட்டிக்கு மூன்று தவணையில் 10,000 ரூபாய் அறிவியுங்கள். ஏழே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். கணக்கெடுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.