பெட்டிக்கு 5 லிட்டர், வயிற்றுக்கு?

விமானம் ஏறப்போகிறவருக்கு அளவு சொல்லாத ஆள் விமான நிலையத்தில் கிடையாது. வெளிநாட்டுப் பயணம் என்றால் கைப்பையில் உள்ள திரவம் குப்பிக்கு 100 மில்லி. குடிதண்ணீர் பாட்டிலையே அங்கே கொட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அம்மா துணி சுற்றிக் கட்டிக்கொடுத்த மாவடு, எண்ணெய் கசிகிறது என்ற குற்றத்துக்காகப் பரிசோதனை மேடையிலேயே பறிபோகும். சரக்குக்கும் அளவு உண்டு. 24 சதவீதத்துக்கு மேல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பாட்டில்கள் என்றால் செக்-இன் பெட்டியில் ஆளுக்கு 5 லிட்டர். ஊர் திரும்பும்போது சுங்கவரி கட்டாமல் 2 லிட்டர்.

பெட்டிக்குள் போவதற்கு இத்தனை கணக்கு வைத்திருக்கிறவர்கள், தொண்டைக்குள் போவதற்கு ஒரு கணக்கும் வைக்கவில்லை. பறக்கும்போது எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். 'அளவோடு' என்பார்கள். எந்த அளவு? 'பொறுப்போடு' என்பார்கள். யார் பொறுப்பு? பதில் வருவதற்குள் தள்ளுவண்டி வந்துவிடும்.

எண் சொல்லத் தெரியாத அரசா இது? மொபெட்டில் வீடு திரும்பும் கொத்தனாருக்குத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். தாண்டினால் வண்டி ஸ்டேஷனில், ஆள் கோர்ட்டில். விமானிக்கு அதைவிடக் கறார். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் சொட்டு தொடக்கூடாது, ஊதினால் பூஜ்யம் வர வேண்டும். 2023இல் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷால் வாய் கொப்பளிப்பதற்கும் தடை வந்தது. 2018 நவம்பரில் ஏர் இந்தியாவின் இயக்கப் பிரிவு இயக்குநராக இருந்த மூத்த விமானியே லண்டன் விமானத்துக்கு முன்பு ஊதித் தோற்றார். அவருடைய உரிமம் 3 ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. சரியான தண்டனை.

ஆக, ஓட்டுகிறவர் எவ்வளவு குடிக்கலாம் என்பது மில்லிகிராம் சுத்தமாகத் தெரிகிறது. டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு குடிக்கலாம் என்பது மட்டும் முனிவர்களுக்கும் எட்டாத ரகசியம். ரகசியமும் இல்லை, மண்ணும் இல்லை. எண்ணைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஊற்ற முடியாது. ஏர்போர்ட் பாரில் பில் ஏறாது. டியூட்டி ஃப்ரீ கடையில் 'இரண்டு வாங்கினால் சலுகை' ஓடாது. பிசினஸ் கிளாஸில் ஏறிய உடன் நீட்டும் ஷாம்பெயினுக்காக அந்த விலை கொடுக்க ஆள் கிடைக்காது.

மருத்துவம் கைவிரித்துவிட்டதா என்றால் அதுவும் கிடையாது. விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குத்தான் வைக்கப்படுகிறது. சீட் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நீங்கள் ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், யூகலிப்டஸ் வாசனை மட்டும் இல்லை. மேலே ஒரு பெக் கீழே மூன்று பெக்குக்குச் சமம் என்று நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வது கதை. ரத்தத்தில் ஏறும் ஆல்கஹால் அப்படி மும்மடங்காவதில்லை. ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்திருக்கும் உடம்பை மது மேலும் இறக்குகிறது. உண்மை அவ்வளவுதான், ஆனால் அது கதையைவிட மோசம்.

ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் கொலோன் நகரில் இதைச் சோதித்தார்கள். 18 முதல் 40 வயதுக்குள் ஆரோக்கியமான 48 பேர். இரண்டு கேன் பியருக்குச் சமமான மதுவைக் கொடுத்து, விமானத்தின் காற்றழுத்தம் உள்ள அறையில் 4 மணி நேரம் தூங்க வைத்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் 85 சதவீதம் வரை இறங்கியது. தூக்கத்திலேயே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 88ஐ ஒட்டி ஓடியது. அதே அளவு குடித்துவிட்டுத் தரைமட்ட அழுத்தத்தில் தூங்கியவர்களுக்கு ஆக்சிஜன் 95. இந்த ஆய்வு 2024இல் 'தோராக்ஸ்' என்ற மருத்துவ இதழில் வந்தது. விமானத்தில் மது கொடுப்பதைக் கட்டுப்படுத்துவது பற்றி யோசிக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

85 என்றால் என்ன என்று தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2021 கொரோனா அலையில் வீட்டுக்கு வீடு விரலில் கிளிப் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 94க்குக் கீழே போனாலே 108க்கு போன் போட்டோம். 85 என்றால் படுக்கை கிடைக்குமா என்று அழுதோம். அதே 85 விமானத்தில் வந்தால் அதற்குப் பெயர் 'சார் நல்லாத் தூங்குறார்'. விளக்கை அணைத்துப் போர்வையும் போர்த்திவிடுவார்கள். இத்தனைக்கும் சோதனையில் படுத்தவர்கள் இளவட்டங்கள். நம் விமானங்களில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் 65 வயதுக்காரரிடமும் 'இன்னொன்று ஊற்றட்டுமா' என்றுதான் கேட்கிறார்கள்.

தன் உடம்பைத் தானே கெடுத்துக்கொள்வது அவரவர் உரிமை என்று வாதாடுவோர் உண்டு. பக்கத்து இருக்கையில் இருப்பவரின் உடம்பு?

2022 நவம்பர் 26. நியூயார்க்கிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானம், பிசினஸ் கிளாஸ். எழுபதைக் கடந்த ஒரு பெண்மணி மீது, போதையில் இருந்த சக பயணி ஒருவர் சிறுநீர் கழித்தார் என்பது புகார். அந்த ஆள் சாப்பாட்டு நேரத்தில் நான்கு முறை சிங்கிள் மால்ட் வாங்கிக் குடித்தார், பணியாளர்களிடம் அதைச் சொல்லவும் செய்தேன் என்று அருகில் இருந்த இன்னொரு பயணி பின்னர் ஊடகங்களிடம் கூறினார். நனைந்த பெண்மணிக்கு என்ன கிடைத்தது? மாற்று உடையும் செருப்பும். முதல் வகுப்பில் இருக்கை காலியாக இருந்தும் தரவில்லை என்கிறது அவருடைய புகார். விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் அந்த ஆளைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைத்து மன்னிப்புக் கேட்க வைத்தார்களாம். ஊர் நாட்டாமைகூடப் பாதிக்கப்பட்டவரைக் குளித்து உடைமாற்ற விட்டுவிட்டுத்தான் பஞ்சாயத்தைக் கூட்டுவார். 36,000 அடியில் அந்த நாகரிகத்துக்கும் இடமில்லை.

நவம்பரில் நடந்தது ஜனவரி முதல் வாரத்தில்தான் நாட்டுக்குத் தெரிந்தது. ஏர் இந்தியாவை நடத்தும் டாட்டா குழுமத்தின் தலைவர், நம் நாமக்கல் மாவட்டத்து மோகனூர்க்காரர் சந்திரசேகரன், இன்னும் விரைவாகச் செயல்பட்டிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். பயணிக்கு முதலில் 30 நாள் தடை, பிறகு 4 மாதத் தடை. நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம். விமானிக்கு 3 மாத உரிம முடக்கம். குடித்ததாகச் சொல்லப்படுகிறவருக்கும் குடிக்காமல் ஓட்டியவருக்கும் தண்டனையில் ஒரு மாத வித்தியாசம். இது போதாதென்று, அந்தப் பெண்மணியே தன் மீது சிறுநீர் கழித்துக்கொண்டார் என்று குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு நீதிமன்றத்தில் வாதிட்டது. வாதிடட்டும், அது அவர்கள் தொழில். அந்த வாதத்தை ஒரு மூதாட்டி பேப்பரில் படிக்க வேண்டியிருந்ததே, அதற்கு எந்த அட்டவணையில் அபராதம்?

டாஸ்மாக் வாசலில் லுங்கி கட்டிய ஒருவர் இதே காரியத்தைச் செய்திருந்தால் பஞ்சாயத்தும் மன்னிப்பும் இருந்திருக்காது. முதல் லத்தியடி விழுந்த பிறகுதான் பெயரே கேட்டிருப்பார்கள்.

2023 ஜனவரியில் ஏர் இந்தியா தன் மதுக் கொள்கையைத் திருத்தியது. அதைப் படித்தவர்களுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியாது. பயணியின் நிலையைப் போக்குவரத்து விளக்குபோலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பணிப்பெண் மனதுக்குள் பிரிக்க வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது. 'குடித்திருக்கிறீர்கள்' என்று சொல்லவே கூடாது. 'கடைசியா ஒண்ணே ஒண்ணு' என்று கெஞ்சினால் மயங்கக் கூடாது. ஊற்றுவதற்குக் கம்பெனி, நிறுத்துவதற்கு 24 வயதுப் பெண். மூன்று பெக்குக்கு மேல் கிடையாது என்று அட்டையில் அச்சடித்திருந்தால் அவள் அட்டையைக் காட்டிவிட்டுப் போவாள். அச்சடிக்காததால், மஞ்சள் எப்போது சிவப்பானது என்பதைத் தன் இடுப்பில் கை விழும்போது அவள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவோடு நிற்கும் வியாதி இது என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய பார்களுக்கு வழக்கமான மது உரிமச் சட்டம் பொருந்தாது. விடியற்காலையிலேயே பியர் ஓடும். ரயன்ஏர் தலைவர் மைக்கேல் ஓ'லியரி 2024இல் பொங்கி எழுந்து, விமான நிலையத்தில் ஆளுக்கு இரண்டு டிரிங்க் மட்டுமே என்று வரம்பு கேட்டார். பரவாயில்லை, ஓர் எண்ணாவது ஒருவர் வாயிலிருந்து வந்தது. அதுவும் அடுத்தவன் கடைக்கு. அவருடைய விமானத்துக்குள்ளும் பாட்டில் விற்கிறார்கள்.

நம் ஆட்களின் தாகத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2024 டிசம்பரில் சூரத்திலிருந்து பாங்காக்குக்கு முதல் விமானம் விட்டார்கள். இருந்த சரக்கு முழுவதும் தீர்ந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. தீரவில்லை என்று அந்த விமான நிறுவனம் மறுத்தது. மதுவிலக்கு உள்ள குஜராத்திலிருந்து கிளம்பிய விமானம். மறுத்தாலும் நம்பாமல் போனதற்குக் காரணம் அந்த ஊர்ப் பெயர்தான்.

நடந்து முடிந்த பிறகு கொடுப்பதற்கு மட்டும் எண்கள் தயாராக இருக்கின்றன. வாய்ச்சண்டைக்கும் போதை ரகளைக்கும் 3 மாதம் வரை பறக்கத் தடை, கைநீட்டினால் 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்து என்றால் குறைந்தது 2 ஆண்டு. 2017இல் வந்த விதி. அதுகூட ஒரு மக்களவை உறுப்பினர் விமான நிறுவன ஊழியரைச் செருப்பால் அடித்த பிறகு வந்தது. 2023இல் உலக அளவில் 480 விமானங்களுக்கு ஒன்றில் அடங்காத பயணி என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கணக்குச் சொல்கிறது. அதையும் எண்ணிவிட்டார்கள்.

நியூயார்க் விமானத்தில் பாதிக்கப்பட்ட அந்தப் பெண்மணியே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2024 நவம்பரில் வழக்கு வந்தபோது, நீதிபதி கே.வி. விஸ்வநாதன் தாமே பார்த்த ஒன்றைச் சொன்னார்: விமானத்தில் முழு போதையில் இருவர், ஒருவர் கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார், பணியாளர்கள் எல்லோரும் பெண்கள் என்பதால் வெகுநேரம் கதவைத் திறக்க முடியவில்லை, கடைசியில் சக பயணியைத்தான் உதவிக்கு அழைத்தார்கள். ஏதாவது புதுமையாக யோசியுங்கள் என்றது நீதிமன்றம்.

புதுமை எதற்கு? விமானியும் பணிப்பெண்ணும் ஊதுகிற கருவி அதே கட்டடத்தில் இருக்கிறது. அதைப் புறப்பாட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, போர்டிங் பாஸைக் காட்டும் இடத்தில் எல்லோரையும் ஊதச் சொல்லலாம், பிசினஸ் கிளாஸ் வரிசையில் தொடங்கி. செய்ய மாட்டார்கள். ஊதச் சொன்னால் பிரீமியம் வாடிக்கையாளர் முகம் சுளிப்பாராம்.