கோப்புத் தாத்தா

அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களில் சிலர் கோவில் திருப்பணியில் இறங்குவார்கள். சிலர் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதி உலகத்தைத் திருத்த முற்படுவார்கள். இவ்விரண்டிலும் மனம் செல்லாத மூன்றாம் வகையார், கடல் கடந்து சென்ற மகன் ஒருநாள் தொலைபேசியில், "அப்பா, பிள்ளையையும் இங்கேயே அழைச்சுக்கலாம்னு இருக்கோம், பேப்பர் எல்லாம் ரெடி பண்ணுங்க" என்று சொல்லும் சுபதினத்துக்காகவே காத்திருந்தவர்களைப்போல, அன்று மாலையே கடைவீதிக்குப் போய், நாடா வைத்த கோப்பு ஒன்றும் துளையிடும் கருவி ஒன்றும் வாங்கி வந்துவிடுவார்கள். இந்தப் பிரகிருதியைத்தான் நான் கோப்புத் தாத்தா என்று அழைக்கிறேன். தஞ்சாவூர், ராமநாதபுரம் ஜில்லாக்களில், துபாய்ப் பணத்தில் மாடி எழும்பிய தெருக்களில் இவரைக் காண்பது அரிதன்று.

நான் நன்கறிந்த கோப்புத் தாத்தா, தாலுக்கா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து இளைப்பாறியவர். "இணைப்பு குறைகிறது" என்ற இரண்டே சொற்களால் எத்தனையோ குடியானவர்களைச் சித்திரை வெயிலில் திருப்பி அனுப்பியவர். அவர்கள் மனத்துக்குள் என்ன சொல்லிக்கொண்டு படியிறங்கினார்கள் என்பதைப்பற்றி அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. மகனுக்கும் மருமகளுக்கும் துபாயில் வேலை. நான்கு வயதுப் பேரன் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். உத்தியோகம் போனபின் ஒரு சுற்று இளைத்து, சாய்வு நாற்காலியில் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர், மேற்படி தொலைபேசி வந்த மறுநாள் காலை சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை அணிந்து, சட்டைப்பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு கூடத்தில் வந்து நின்ற காட்சியைக் கண்டவர்கள், பேரனுக்கு விசா கிடைக்கப்போகிறதோ இல்லையோ, தாத்தாவுக்கு உத்தியோகம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று சொல்லியிருப்பார்கள்.

வேறொரு ராஜ்யத்துச் சட்டமாயிற்றே என்று அவர் மலைக்கவில்லை. அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 4,000 திர்ஹமோ, தங்குமிடத்தோடு 3,000 திர்ஹமோ இருக்கவேண்டும் என்பதை ஒரே வாரத்தில் கரதலபாடமாக்கிக்கொண்டார். பிள்ளைகளானால் 25 வயதுவரையிலும், பெண்களானால் கல்யாணம் ஆகும்வரை வயது வரம்பே இன்றியும் தகப்பன் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம் என்ற விதியைப் படித்தபோது அவர் முகம் மலர்ந்தது. "பெண் கல்யாணம் ஆகிறவரை தகப்பன் பாரம். அரபு தேசத்திலும் சம்சாரிதானய்யா சட்டம் எழுதியிருக்கிறான்!" என்றார்.

முதல் விக்னம் பிறப்புச் சான்றிதழிலேயே நேர்ந்தது. குழந்தையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடுதான் இருந்தது. பிறந்த சமயத்தில் பெயர் நிச்சயமாகவில்லை. நிச்சயமானபின் எண்கணித சோதிடர் ஆங்கில எழுத்தில் கூடுதலாக ஓர் 'ஏ' வேண்டுமென்றார். சம்பந்தி வீட்டார் வேண்டாமென்றார்கள். விவகாரம் அப்படியே நின்றுபோயிற்று. 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, ஓராண்டுக்குள் பெயரைப் பதிந்தால் கட்டணமில்லை, அதன்பின் 15 வயதுவரை தாமதக் கட்டணம் செலுத்திப் பதியலாம் என்று நகராட்சி குமாஸ்தா வாய் திறக்குமுன்பே, இவர் விதி எண்ணோடு சொல்லி முடித்துவிட்டார். குமாஸ்தா, "அப்படியானால் இன்னின்ன இணைப்புகளோடு நாளை வாருங்கள்" என்றார். வேறொருவராயிருந்தால் சினந்திருப்பார். நம்மவரோ, தம் பரம்பரை அழியவில்லை என்று கண்ட குருவைப்போல் பரமானந்தத்தோடு வீடு திரும்பினார்.

பெயர் வந்தபின் குடும்பப்பெயர் என்ற பெரிய பூதம் புறப்பட்டது. நமக்கோ குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு மானமாக வாழ்ந்துவிட்டோம். பாஸ்போர்ட்டுக்காக அந்த முதலெழுத்தை விரித்தெழுதும்போது, மகனுக்குத் தாத்தாவின் பெயரும், பேரனுக்கு மகனின் பெயரும் குடும்பப்பெயராகி, ஒரே கூரையின்கீழ் இருக்கிற மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பங்கள் ஏற்பட்டுவிடுகின்றன. போதாக்குறைக்கு, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்கள் விசிட் விசாவில் நுழைய முடியாதென்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்துவிட்டதால், எதிர்வீட்டு ஆசாமி ஒருவர் பூர்விகத்தில் தமக்கு என்ன குடும்பப்பெயர் இருந்திருக்கும் என்று இவரிடம் வந்து கேட்குமளவுக்கு நிலைமை முற்றிற்று. துபாய் அலுவலகத்தில் மகனை அவன் தகப்பன் பெயரைச் சொல்லியே அழைக்கிறார்கள் என்று அறிந்த நாள் முதல், தாத்தாவுக்கு அந்த ஏற்பாட்டின்மேல் ஆட்சேபம் ஏதும் இல்லாமற் போனது இயற்கையே.

ஆனால் இந்தப் புராணத்தின் உச்சக் கட்டம் போட்டோ ஸ்டுடியோவில் நிகழ்ந்தது. வெள்ளைப் பின்னணி வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக்கூடாது. பிள்ளைக்குப் பாட்டி வெள்ளைச் சட்டை போட்டு அழைத்து வந்திருந்தபடியால், முதலில் எடுத்த படத்தில் உடம்பே இல்லாமல் தலைமட்டும் ஆகாயத்தில் மிதந்தது. பக்கத்துக் கடைப் பையனிடம் நீலச் சட்டை இரவல் வாங்கி மாட்டியபின் பார்த்தால், கன்னத்தில் புளியங்கொட்டை அளவில் திருஷ்டிப் பொட்டு! துடைக்கவேண்டும் என்றார் தாத்தா. "எத்தனை ஊர் ஆபீசர் கண்ணு படப்போகுது, இன்னைக்குப் போயா பொட்டைத் துடைக்கிறது?" என்றாள் பாட்டி. இருவருக்கும் நடுவே அகப்பட்ட ஸ்டுடியோக்காரர், "இருக்கட்டும் சார், கம்ப்யூட்டர்ல அழிச்சுடலாம்" என்று சமாதானம் சொல்லப்போக, தாத்தாவுக்கு வந்ததே கோபம்! "அரசாங்கத்துக்குப் போகிற ஆவணத்தில் அடித்தல் திருத்தலா? தம்பி, இதற்கு எத்தனை வருஷம் தண்டனை தெரியுமா?" என்று அவர் எழுந்து நின்றதைக் கண்ட பிள்ளை, தண்டனை தனக்குத்தான் என்று எண்ணி ஓவென்று அழுதது. கடைசியில் பொட்டு கன்னத்திலிருந்து உள்ளங்காலுக்கு இடமாற்றம் செய்யப்பட்டு, காமிராவுக்குத் தெரியாமலும் திருஷ்டி படாமலும் காரியம் முடிந்தது. அந்தப் படத்தில் பிள்ளையின் முகத்தில் உலகத்தின்மீது தோன்றியிருக்கும் அவநம்பிக்கை, எந்தக் குடியேற்ற அதிகாரியையும் திருப்திப்படுத்தக்கூடியது.

இனி அட்டெஸ்டேஷன். ஒரே முத்திரையில் பல தேசங்கள் ஏற்றுக்கொள்ளும் அபோஸ்டில் என்ற ஏற்பாட்டில் இந்தியா 2005-இலேயே சேர்ந்துவிட்டது, அமீரகம் சேரவில்லை. ஆகவே பிறப்புச் சான்றிதழில் முதலில் மாநில அரசின் முத்திரை, அதை ஆமோதித்து வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அதை ஆமோதித்து அமீரகத் தூதரகத்தின் முத்திரை, அங்கே போய் இறங்கியபின் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்று, சான்றிதழின் முதுகு முழுவதும் மை படிகிறது. இதில் எனக்குச் சொல்லத் தெரியாத ஓர் அழகு உண்டு. பிள்ளை பிறந்தது மெய்தானா என்று இவர்களில் எவரும் கேட்பதில்லை. முந்தினவர் போட்ட கையெழுத்து மெய்தானா என்பதுமட்டுமே கேள்வி. நான் இதைச் சற்று ஏளனமாகக் கூறியபோது, தாத்தா என்னைப் பரிதாபத்தோடு பார்த்து, "பிள்ளை பிறந்ததற்கு அதன் அம்மா சாட்சி. கையெழுத்துக்கு யார் சாட்சி?" என்று கேட்டார். பதில் தெரிந்தவர்கள் சொல்லலாம். வெளியுறவு அமைச்சகம் காகிதங்களைப் பொதுஜனங்களிடம் நேரே வாங்காமல், தான் நியமித்த முகவர்கள் மூலமாகவே வாங்குகிறது என்பதுமட்டும் அவருக்கு உறுத்தல். மூல ஆவணத்தை ஒரு கூரியர் பையனிடம் ஒப்படைத்த அன்று அவர் இரவு உணவு கொள்ளவில்லை.

எல்லாக் காகிதங்களும் திரும்பி வந்து, மகன் அவசரப்படுத்தியபோதும், இவர் அனுப்பாமல் ஏதேனுமொரு எழுத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தபடியே இருந்தார். "அவருக்குக் காகிதத்துல ஒரு பிழையும் தெரியலை. பேரன் போறதுதான் பிழையாத் தெரியுது" என்று பாட்டி அடுக்களையிலிருந்தே தீர்ப்பு வழங்கினாள். அவரோ காது கேளாதவர்போல் பூதக்கண்ணாடியைத் துடைத்தார்.

பாஸ்போர்ட் கட்டணத்தில் 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 60 வயது கடந்தவர்களுக்கும் நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடி உண்டே, நீங்களும் ஒன்று எடுத்துப் பேரனோடு போய்வரலாமே என்று ஒருநாள் நான் யோசனை சொன்னேன். மனிதர் குரலைத் தாழ்த்தினார். அவர் பிறந்தது ஐப்பசி மாத அடைமழையில், ஆற்றில் வெள்ளம் வந்த இரவில். பள்ளிக்கூடச் சான்றிதழிலோ ஜூன் மாதம் முதல் தேதி. பள்ளி திறந்த சமயத்தில் பிள்ளையின் கை தலையைச் சுற்றி மறுகாதைத் தொடுகிறதா என்று பார்த்து, அந்நாளைய தலைமையாசிரியர் மனம்போல் எழுதிக்கொண்ட தேதி அது. அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் இப்படி ஜூன் மாதத்தில் பிறக்க நேர்ந்தவர்களே. நகராட்சிப் பதிவேட்டில் அவருடைய பிறப்பு இல்லவே இல்லை. எத்தனையோ பேரிடம் பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்டு ஆயுளைக் கழித்த அந்த மகானுபாவருக்கு, தாம் பிறந்ததற்கே ஆதாரமில்லை என்பது எங்கள் இருவருக்குள் இருக்கவேண்டிய ரகசியம்; வாசகர்கள் காப்பாற்றவேண்டும்.

விசா வந்தது, மருமகள் வந்து பிள்ளையை அழைத்துப் போனாள். கோடை விடுமுறைக்கு வரும்போது கொஞ்சம் கூடுதலாக நிறுத்திக்கொள்ளலாமா என்று பாட்டி கேட்டதற்கு, அமீரகத்துக்கு வெளியே 180 நாட்களுக்குமேல் தங்கினால் விசா செல்லாமற் போய்விடும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "179 நாள் வைத்துக்கொள்ளலாம். சட்டம் இடங்கொடுக்கிறது" என்று பிறகு தாமே எழுந்து போய் அடுக்களை வாசலில் நின்று சொன்னார்.

இப்பொழுது எதிர்வீட்டுக் குழந்தை ஒன்றின் கோப்பு அவர் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் கடல் கடக்கவேண்டிய குழந்தை இருந்தால் தாராளமாக அவரை அணுகலாம். கட்டணம் வாங்குவதில்லை, காப்பியும் அவரே தருவார். மூலச் சான்றிதழோடு மூன்று நகல் எடுத்துச் செல்லுங்கள். நான்காவது நகல் எங்கே என்று கேட்பார். ஆகையால் ஐந்தாக எடுத்துச் செல்வது உத்தமம்.