இரண்டு மடங்குத் தொட்டி

கணக்கில் எனக்கு வராத பாடம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, எதுவுமே வராது. இருந்தும் "வீட்டுக் கணக்கை நான் பார்த்துக்கறேன்" என்று வாயை விட்டேன். அதன் பலன் இன்று எங்கள் வாசலில், தரைக்கடியில், டைல்ஸ் ஒட்டிக் கிடக்கிறது.

பழைய தண்ணீர்த் தொட்டி நீளம், அகலம், ஆழம் எல்லாமே மூன்றடி. கோடைக்குப் போதவில்லை. "எல்லாப் பக்கமும் டபுளாப் போட்டுடுங்க" என்றேன் மேஸ்திரியிடம், செலவும் டபுள்தானே என்ற தைரியத்தில். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி சார்" என்றார்.

முதலில் டைல்ஸ். தரையும் நான்கு சுவரும் சேர்த்து 45 சதுர அடியாக இருந்தது, 180 ஆயிற்று. 27 கன அடிக் குழி 216 ஆனதில், தோண்டிய மண் தெருவை மறித்தது. 760 லிட்டர் பிடித்த இடத்தில் இப்போது ஆறாயிரத்துக்கு மேல். தண்ணீர் லாரிக்காரர் மட்டும் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறார்.

"மேஸ்திரி ஏமாத்திட்டார்!" என்று குதித்தேன். ஒன்பதாவது படிக்கும் மகள் நோட்டைத் திறந்தாள். "நீளம் 2 மடங்கு. பரப்பு ரெண்டு ரெண்டு 4. கொள்ளளவு இன்னொரு ரெண்டு, 8. எத்தனை ரெண்டைப் பெருக்கறோமோ, அதாம்ப்பா பரிமாணம்."

பரிமாணம் என்றால் தியேட்டரில் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்ப்பது என்றல்லவா இருந்தேன்! நாலாவது பரிமாணம் இருந்தால் 16 மடங்கு. நல்லவேளை, மேஸ்திரி மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.

"பரிமாணம் முழு எண்ணா இருக்கணும்னுகூட இல்லப்பா" என்று மகள் விளக்கினாள். 1904இல் சுவீடனின் ஹெல்கே வான் கோக் ஒரு கோட்டை மூன்றாக்கி, நடுத்துண்டை எடுத்துவிட்டு, அங்கே கூரைபோல இரண்டு துண்டு வைத்தார். ஒவ்வொரு துண்டிலும் மறுபடி அதையே, முடிவில்லாமல். அந்தக் கோட்டை மூன்று மடங்கு பெரிதாக்கினால் அதே கோடு நான்கு கிடைக்கும். மூன்று கிடைத்தால் பரிமாணம் 1, ஒன்பதானால் 2; நான்குக்குச் சுமார் 1.26. பின்னப் பரிமாணத்துக்கு 1918இல் இலக்கணம் வகுத்தவர் ஹவுஸ்டார்ஃப். ஒன்றேகால் படி அரிசி அளந்தவன்தான் நான். ஒன்றேகால் பரிமாணத்தை எந்தப் படியில் அளப்பது?

அதற்குள் கரண்ட் போய், மோட்டார் நின்றது. தொட்டியில் வாளியை விட்டேன், கயிறு எட்டவில்லை. கடைக்கு ஓடி, மூன்றடிக் கயிற்றுக்குப் பதில் ஆறடி வாங்கிவந்தேன். விலையும் சரியாக இரண்டு மடங்கு.

"பார்த்தியா, என் கணக்கு!" என்றேன்.

"கயித்துக்கு ஒரே பரிமாணம்தாம்ப்பா" என்றாள்.