இருட்டைக் கழுவிய கதை

இருட்டறை என்றால் சிவப்பு விளக்கு எரியும் என்று நம்பியது சினிமா பார்த்துக் கெட்ட புத்தி. ரஹாங்கில் எங்கள் வீட்டுக் குளியலறையில் சிவப்பு பல்பை மாட்டி, அதன் கீழே கோடக் டிரை-எக்ஸ் சுருளை ராஜா மாதிரி உருவினேன். முப்பத்தாறு படமும் ஒரே மாதிரி வந்தன: தார் ரோடு. சிவப்பு விளக்கு பிரிண்ட் போடும் காகிதத்துக்குத்தான் ஆகும். இந்தப் பிலிமின் கண்ணுக்குச் சிவப்பும் தெரியும். 1954 முதல் 35 மி.மீ. சுருளாக விற்கிற சரக்கு. எனக்குத்தான் சொல்ல ஆளில்லை.

எல்லாம் பெரியம்மாவுக்காக. லாபு பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியுமுன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த இருட்டிலேயே, பிளாஷ் போடாமல் அவரைப் படம் பிடிக்க ஆசை. 400 வேகப் பிலிமை 1600 என்று கேமராவிடம் பொய் சொன்னேன். அப்போதும் எட்டில் ஒரு விநாடி கேட்டது.

"கொஞ்சம் ஆடாம நில்லுங்க பெரியம்மா."

"மரம் ஆடாமத்தான் நிக்குது. அதப் புடி. எனக்கு இன்னும் எத்தன மரம் கெடக்கு."

சொன்ன பொய்க்குத் தண்டனை பிலிம் கழுவும்போது கிடைத்தது. மருந்தில் கூடுதல் நேரம் ஊறவேண்டும், அதுவும் 20 டிகிரியில். எங்கள் பீலித் தண்ணீரோ 28. மருந்து சூடானால் அவசரப்படும். ஐந்து நிமிஷத்துக்குள் வேலை முடிந்தால் படம் திட்டுத்திட்டாக நிற்கும். அதனால் டி-76 பாட்டிலை ஐஸ் வாளியில் உட்காரவைத்துவிட்டு, இந்த முறை விளக்கே இல்லாமல் அடுத்த சுருளை டாங்கியில் ஏற்றக் கம்பளிக்குள் புகுந்தேன். இந்த ஊர்ப் புழுக்கத்தில், கம்பளிக்குள், இருபது நிமிஷம். சுருள் ரீலில் ஏறமாட்டேன் என்றது. என் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை இருட்டில் எங்கோ விழுந்தது. எங்கே என்பது பிற்பாடு பதினேழாம் படத்தில் தெரிந்தது. வெளியே வந்தால் வாளியில் பாதி ஐஸைக் காணோம். தம்பி மைலோ குடித்துக்கொண்டிருந்தான்.

மருந்தின் வேலையை நிறுத்த அசெட்டிக் அமிலத்தை ஊற்றினேன். வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மா குளியலறைக் கதவைத் தட்டினார்.

"என்னடா, பால் ஸ்டோர் வாடை அடிக்குது? திராவகமா? பாத்து ஊத்து, கட்டிப் பாலாயிடும்."

ரப்பர் பாலை உறையவைப்பதும் இதே அமிலக் குடும்பம்தான். என்னைவிட அவருக்குத்தான் அளவு தெரியும்.

நெகட்டிவைத் துணிக் கிளிப்பில் தொங்கவிட்டேன். மூன்று படத்தில்தான் ஆள் தேறியது. ஷட்டரை மூட மறந்த ஒன்றில் முகமே இல்லை; தலை லைட் மட்டும், கத்தி போன வழியிலேயே, மரத்தில் சாய்வாக ஒரு கோடு இழுத்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரியம்மா அதைத் தாண்டி அடுத்ததை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"என் தல எப்படா இப்பிடி வெளுத்துச்சு?"

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மரத்தடி மங்கில் விரலை வைத்தார்.

"பால் கறுப்பா இருக்கு. ஸ்டோர்ல எடுக்கமாட்டாங்க."