முதலாளியையே யாரென்று கேட்கும் சிப்: ஒரு மனு

அனுப்புநர்: ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன்

பெறுநர்: டிரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப், பீவர்ட்டன், ஓரிகன் மாநிலம், அமெரிக்கா

பொருள்: மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் சிப்பை இல்லை என்று கம்ப்யூட்டர் சாதிப்பது தொடர்பாக

கனம் பொருந்திய குழுமத்தாருக்கு,

எங்கள் வட்டாரத்தைப் பற்றித் தாங்கள் படித்திருப்பீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ காரும் டைம்லர் லாரியும் ராயல் என்ஃபீல்டு வண்டியும், சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கானும் சாம்சங்கும். அமைச்சர்கள் வந்தால் தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ரோபோ கைகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படத்தில் வராத ஓர் இடம் உண்டு. கம்பெனியிலிருந்து கிளம்பும் லாரி நேரே போய் ஏறுகிற எடைமேடை. அதன் ஓரத்தில் ஒரு தகரக் கேபின், கேபினுக்குள் ஒரு டெஸ்க்டாப். அது சீட்டு அடித்துத் தந்தால்தான் லாரி நகரும். என் பிழைப்பு அந்த மாதிரி டெஸ்க்டாப்புகளோடுதான். எடைமேடை, லேத் பட்டறை, ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஆபீஸ், லேடீஸ் ஹாஸ்டல் வரவேற்பு மேஜை என்று வரிசையாக உண்டு.

தாங்கள் 2003இல் ஏஎம்டி, எச்பி, ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகியோர் கூடி அமைத்த குழுமம் என்று அறிகிறேன். 2014இல் இந்தச் சிப்புக்கான டிபிஎம் 2.0 என்ற விதிநூலை வெளியிட்டீர்கள். அது மறு ஆண்டே ஐஎஸ்ஓ 11889 என்ற சர்வதேசத் தரமாகவும் ஆயிற்று. அதன் சாரத்தை இங்கே சொல்லிக்கொடுப்பது எனக்குச் சுலபம். கம்பெனி கேட்டைக் காட்டினால் போதும். ஷிப்டுக்கு வருகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், விரல் வைக்க வேண்டும், பையைத் திறக்க வேண்டும், செல்போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள வேண்டும். தங்கள் ஏற்பாட்டிலும் ஸ்விட்ச் போட்டதும் பயாஸ் அடுத்த புரோகிராமை அளக்கிறது, அது தனக்கு அடுத்ததை அளக்கிறது. அளந்ததெல்லாம் சிப்புக்குள் இருக்கும் 24 பதிவேடுகளில் பதிவாகிறது. நேற்றைய அளவும் இன்றைய அளவும் ஒத்துப்போனால் பூட்டிய டிஸ்க்கின் சாவி வெளியே வரும். ஒரே ஒரு வித்தியாசம். எங்கள் கேட்டில் எம்டி கார் வந்தால் சல்யூட் அடித்துத் திறந்துவிடுவார்கள். தங்கள் சிப் எம்டியையும் இறக்கிவிட்டு விசாரிக்கும். இந்த சமத்துவத்துக்காகத் தங்களைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

அண்மையில் ஓர் எடைமேடைக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். திரை முழுக்க நீலம், நடுவில் 48 இலக்கச் சாவி கேட்டு ஒரு கட்டம். வெளியே லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கின்றன. எடைமேடைக்காரர் பெரியவர். "என்னா தம்பி, என் மெசினு, என் கரன்டு, என்னையே யாருன்னு கேக்குது?" என்றார். அந்தக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பூட்டு தானாக விழுந்துவிடும். சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். எந்தக் கணக்கு? முன்பு ஆபரேட்டராக இருந்த பையனுடைய மெயில். பையன் இப்போது ஓசூரில் வேறு வேலையில் இருக்கிறான், பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம்.

நோய் என்னவென்றால், ஐயா, சிமாஸ் பேட்டரி. மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒட்டியிருக்கும் சிஆர்2032. தகரக் கூரைக்குக் கீழே வெயிலில் வெந்து செத்துவிட்டது. இரவில் கரன்ட் போனது. காலையில் எழுந்த பயாஸ் தேதியையும் மறந்தது, முன்பு வைத்திருந்த செட்டிங் எல்லாவற்றையும் மறந்தது. அந்த மறதியில் டிபிஎம்மும் அணைந்துவிட்டது. சிப் எங்கும் போகவில்லை, பிராசசரோடு சேர்ந்துதான் இருக்கிறது. ஆனால் இந்த நிலையில், பூட்டு இல்லாத கம்ப்யூட்டராக இருந்து விண்டோஸில் டிபிஎம் டாட் எம்எஸ்சி என்று அடித்துப் பார்த்தாலும், பொருத்தமான டிபிஎம் கிடைக்கவில்லை என்றுதான் வரும். பேட்டரியை மாற்றி, பயாஸுக்குள் போய் டிபிஎம்மை மறுபடி இயக்கி, 'செக்யூர் பூட்' அமைப்பையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். அளவு ஒத்துப்போய் டிஸ்க் திறந்துகொண்டது. எல்லா போர்டிலும் இப்படித் திறக்கும் என்று நினைக்க வேண்டாம். சிலவற்றில் டிபிஎம் அணைந்தாலே உள்ளிருந்த சாவிகளும் போய்விடும். அதே பக்கத்தில் 'கிளியர் டிபிஎம்' என்று ஒரு வரி வேறு இருக்கிறது. சுத்தம் செய்கிற பொத்தான் என்று நினைத்து, 48 இலக்கம் கையில் இல்லாமல் அதை அழுத்துகிறவர்களுக்கு டேலி கணக்கு மொத்தமும் அம்போ.

இதில் தங்கள் கவனத்துக்கு வர வேண்டியது பெயர்க் குழப்பம். இன்டெல் போர்டில் அதற்குப் பெயர் பிடிடி. ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம். ஒரு பயாஸில் 'டிரஸ்டட் கம்ப்யூட்டிங்' என்ற தலைப்புக்குள், இன்னொன்றில் 'செக்யூரிட்டி டிவைஸ் சப்போர்ட்' என்ற வரியில், மற்றொன்றில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தின் அடியாழத்தில். நூற்றுக்கணக்கான பக்கம் விதி எழுதிய தாங்கள் கூப்பிடுவதற்கு ஒரே பெயர் வைக்கக்கூடாதா? ஒளித்து வைப்பதும் பாதுகாப்பில் ஒரு பகுதி என்றால் மன்னிக்கவும்.

எழிச்சூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், விண்டோஸ் 11க்கு டிபிஎம் கட்டாயம் என்று கேள்விப்பட்டு, தன் போர்டில் காலியாக இருந்த பின் வரிசையைப் பார்த்துவிட்டு, சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்த் தனி டிபிஎம் கார்டு வாங்கி வந்தார். நகம் அளவு பலகை. முதலில் அது பொருந்தவில்லை. ஒரு போர்டில் 20 பின்னில் ஒன்று குறைவு, இன்னொன்றில் 14இல் ஒன்று குறைவு, மற்றொன்றில் 12இல் ஒன்று குறைவு. பின் பொருந்தினாலும் பழையது எல்பிசி வழியில் பேசும், புதியது எஸ்பிஐ வழியில் பேசும். மாற்றி வந்து செருகிய பிறகும் பயாஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் உள்ளே 'ஃபர்ம்வேர்' என்று தேர்வாகியிருந்தது, 'டிஸ்கிரீட்' என்று மாற்றினால்தான் கார்டுக்கு மரியாதை. இத்தனைக்கும் அவருடைய போர்டு எட்டாம் தலைமுறை இன்டெல். பிடிடி உள்ளேயே இருக்கிறது. கார்டே தேவையில்லை. 2021 ஜூனில் விண்டோஸ் 11 அறிவிப்பு வந்த வாரத்தில் உலகம் முழுக்க இதே கார்டுகளை வாங்கிப் பதுக்கிப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். வாங்கியவர்களில் எத்தனை பேர் பயாஸைத் திறந்து பார்த்தார்களோ!

டிபிஎம் கட்டாயம் என்று சொன்னது நாங்கள் இல்லை, மைக்ரோசாஃப்ட் என்று தாங்கள் சொல்லலாம். உண்மைதான். மைக்ரோசாஃப்டைக் கேட்டால் போர்டுக்காரரைக் காட்டும், போர்டுக்காரர் பயாஸ் அப்டேட்டைக் காட்டுவார். கடைசியில் எல்லோரும் என் கடையைக் காட்டுகிறார்கள். ஏழாம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவரிடம் நான் என்ன சொல்வது? அதில் பெரும்பாலானவற்றில் டிபிஎம் 2.0 ஒழுங்காகவே இருக்கிறது. ஆனாலும் பிராசசர் பட்டியலில் இல்லை என்று விண்டோஸ் 11 கதவைச் சாத்துகிறது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இல் ஆதரவு நிறுத்தப்பட்டது. நன்றாக ஓடுகிற ஒன்றுக்கு வெளியூரில் யாரோ தேதி குறிப்பது எங்களுக்குப் புதிதல்ல. 2006இல் எங்கள் வட்டாரத்தில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1இல் நின்றபோது உள்ளே இருந்த மெஷின்களும் ஓடக்கூடியவைதான், ஆட்களும் வேலை தெரிந்தவர்கள்தான்.

நம்பகம் என்ற விஷயத்தில் சிறு சந்தேகம். தங்கள் தரப்படி இன்ஃபினியான் செய்த சிப்புகளில், சாவி உருவாக்கும் மென்பொருளிலேயே ஓட்டை இருந்ததை 2017இல் செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். அதே மென்பொருள் இருந்ததால் எஸ்டோனியா அரசு சுமார் 7,60,000 அடையாள அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்தி வைத்தது. 2022இல் ஏஎம்டியின் எஃப்டிபிஎம்மால் கம்ப்யூட்டர் அவ்வப்போது திக்கி நிற்கிறது என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு பயாஸ் திருத்தம் கொடுத்தது. அப்போதெல்லாம் யாரும் தங்களிடம் 48 இலக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொன்று: தொழிற்சாலை இயந்திரங்களுக்கென்று வரும் விண்டோஸ் 11 ஐஓடி எல்டிஎஸ்சி பதிப்பில் டிபிஎம் கட்டாயமில்லை. மதிலுக்கு உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கு விலக்கு உண்டு, வெளியே எடைபோடும் டெஸ்க்டாப்புக்கு விசாரணை.

எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் ராமானுஜர். ரகசியமாக வைத்துக்கொள் என்று குரு கொடுத்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொல்லிவிட்டார் என்பது வைணவ மரபு. தங்கள் தேர்வில் அவர் நிச்சயம் தேறமாட்டார்.

ஆகவே தாழ்மையுடன் வேண்டுவது: டிபிஎம் அமைப்புக்கு எல்லா பயாஸிலும் ஒரே பெயர், ஒரே இடம். பேட்டரி சாவதைத் திருட்டு முயற்சியாகக் கருதாமல், பேட்டரி செத்தது என்று ஒரு வரி எழுதிக் காட்டுவது. பூட்டு விழுவதற்கு முன்பே, சாவியை எங்கே வைக்கப்போகிறோம் என்று உரிமையாளரிடம் தமிழில் கேட்பது.

அதுவரை எடைமேடைப் பெரியவர் தன் சொந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டுவிட்டார். மெயில் கணக்கைத் தன் பெயருக்கு மாற்றி, 48 இலக்கத்தையும் எடைச் சீட்டு அடிக்கும் பிரின்டரிலேயே அடித்து, மானிட்டரின் தலையில் செலோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறார், வருகிற லாரி டிரைவர்கள் எல்லோரும் படிக்கும்படி. விதிப்படி இது கூடாது என்று தாங்கள் கருதினால் அவரிடமே பேசிக்கொள்ளவும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் சான்று பெறாத மெக்கானிக்