ஒழுகும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு

கேள்வி (சிஞ்ச்வட் வாசகர்): பழைய டெம்போ டிராவலரைப் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றிய வண்டி எங்களுடையது. கூரையில் ஸ்கைலைட் உண்டு. ஜூனில் மழை தொடங்கினால் படுக்கை நனைகிறது. சிலிகான் மேல் சிலிகானாகப் பூசிவிட்டேன், நிற்கவில்லை. இன்னும் எத்தனை டியூப் வாங்குவது?

பதில்: இனி ஒன்றுகூட வாங்காதீர்கள். மழைநீரிடம் முகவரி கேட்டால் பொய்தான் சொல்லும். படுக்கைக்கு மேல் சொட்டுகிறது என்பதால் ஓட்டையும் அங்கேதான் என்று நினைத்துப் பூசுகிறீர்கள். நீரோ ஸ்கைலைட்டின் முன்பக்கத்து ஸ்குரு துளை போன்ற ஏதோ ஓரிடத்தில் நுழைந்து, தகரத்துக்கும் உள் பிளைவுட்டுக்கும் நடுவே ஓடி, தாழ்ந்த இடம் பார்த்து இறங்குகிறது.

முதலில் அந்த நுழைவிடத்தைப் பிடியுங்கள். மழையில்லாத நாளில் ஒருவர் ஏணியில் நின்று ஹோஸ் பைப்பால் நீர் விடட்டும். கூரையின் தாழ்ந்த பக்கத்தில் தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி, மெல்ல மேலே வரவேண்டும். உள் பலகையைக் கழற்றிவிட்டு இன்னொருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்து, நீர் எங்கே எட்டிப்பார்க்கிறது என்று கவனிக்கட்டும்.

அடுத்து, ஸ்கைலைட்டை முழுதாகக் கழற்றுங்கள். இதற்குக் குறுக்கு வழி இல்லை. நீரைத் தடுக்கவேண்டிய இடம் சட்டத்துக்கு அடியில் இருக்கிறது, நீங்கள் பூசுவதோ விளிம்புக்கு மேலே. பழைய சிலிகானைப் பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் ஒரு துணுக்கு விடாமல் சுரண்டி எடுங்கள். அதன் மேல் வேறு எந்தப் பசையும் பிடிக்காது. எண்ணெய்த் தட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவது போலத்தான். வெட்டிய தகர விளிம்பில் துரு இருந்தால் பளபளக்கும்வரை தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்டும் பூசி உலர விடுங்கள்.

பிறகு பியூட்டைல் டேப் என்னும் ஒட்டும் ரப்பர் நாடா. சட்டத்தின் அடியில் சுற்றிலும் இடைவெளியின்றி ஒட்டுங்கள். இரு முனைகள் சேரும் இடம் வண்டியின் பின்பக்கம் பார்த்து இருக்கட்டும். வேன் கூரைகளில் மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடும். தட்டையான சட்டத்தை அவற்றின் மேல் அப்படியே வைத்தால் ஒவ்வொரு பள்ளமும் ஒரு வாய்க்கால். பள்ளத்துக்குக் கூடுதல் பியூட்டைல் வையுங்கள், அல்லது வரிக்குப் பொருந்தும் அடிச்சட்டம் செய்து போடுங்கள். பல கேரவன்கள் ஒழுகுவது இந்த ஒரு கவனக்குறைவால்தான் என்பது என் எண்ணம்.

துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குருக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். டேப் நான்கு பக்கமும் பிதுங்கி வந்தால் நிறுத்திவிடலாம். மறுநாள் மீண்டும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள், டேப் அமுங்கி ஸ்குரு தளர்ந்திருக்கும். கடைசியில்தான் விளிம்புக்கும் ஸ்குருத் தலைகளுக்கும் சீலன்ட். அதுவும் நியூட்ரல் வகையாக இருக்கட்டும். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் உலோகத்தை அரிக்கும்.

கேள்வி (போசரி வாசகர்): எம்-சீல் வைத்து இறுக்கமாக அடைத்தால் போதாதா?

பதில்: அசையாத குழாய்க்கு அது அருமையான மருந்து. வண்டிக் கூரை அசையும். 60 செ.மீ. பாலிகார்பனேட் ஸ்கைலைட் ஒன்று ஏப்ரல் விடியலுக்கும் நடுப்பகலுக்கும் இடையே 40 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. நீளும். அதே நீள இரும்புத் தகடு நீள்வது அரை மி.மீ. கூட இல்லை. இந்த இழுபறியில் கெட்டியானது பிளக்கும், நெகிழ்வது பிழைக்கும். ஸ்கைலைட்டில் துளையை ஸ்குருவைவிடச் சற்றுப் பெரிதாகப் போடுவதும் இதனால்தான்.

கேள்வி (ஆகுர்டி வாசகி): ஸ்கைலைட்டை மாற்றுவதென்றால் அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா?

பதில்: மரக்கிளை உரசும் சாலைகளில் போகிறவர்களுக்குப் பாலிகார்பனேட். அக்ரிலிக் வெயிலை நன்றாகத் தாங்கும், அடியைத் தாங்காது. பாலிகார்பனேட்டில் புற ஊதாக் கதிர்த் தடுப்புப் பூச்சு உள்ள பக்கம் வானம் பார்க்கவேண்டும். கவிழ்த்துப் போட்டால் சில வருடத்தில் மஞ்சளாகிவிடும். தின்னர், அசிட்டோன் இரண்டையும் அதன் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள், மெல்லிய விரிசல் ஓடும். சோப்பு நீரே போதும்.

கேள்வி (அதே வாசகி): என் கணவர் இன்றைக்கே, தூறலிலேயே, கூரை மேல் ஏறுகிறேன் என்கிறார்.

பதில்: ஏணியை ஒளித்து வையுங்கள் அம்மா. நம் எம்.ஐ.டி.சி. தொழிற்கூடங்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கூரையிலிருந்து ஆள் விழுவது பல சமயம் வெளிச்சத்துக்குப் போட்ட தகடு வழியாகத்தான். நனைந்த தகரம் வழுக்கும், வெயிலில் நைந்த ஸ்கைலைட் எடை தாங்காது. அவருடைய முதுகெலும்புக்கு உதிரிபாகம் கிடையாது. ஈரத்தில் பியூட்டைலும் ஒட்டாது. இன்றைக்கு மேலே தார்ப்பாய் கட்டிவிட்டு, இரண்டு நாள் வெயில் வரட்டும் என்று சொல்லுங்கள்.

கேள்வி (பிம்ப்ரி வாசகர்): கூரையில் இன்னொரு ஸ்கைலைட்டும் வெட்டலாமா?

பதில்: பழையதைக் கழற்றி அதே அளவில் புதியது வைப்பது பழுதுபார்ப்பு. புதிதாகக் கூரையை வெட்டுவது வேறு கதை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தர விதியே இருக்கிறது. உங்கள் எம்.எச்.-14 ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு வெட்டுங்கள். கூரையின் குறுக்குச் சட்டம் ஒன்றை அறுத்துவிட்டால், வண்டி கவிழும் நாளில் உள்ளே இருப்பவர்களைத் தாங்கும் எலும்பு ஒன்று குறைந்துவிடும்.

கேள்வி (சிஞ்ச்வட் வாசகர், மறுபடி): எல்லாம் முடித்ததும் லோணாவளாவுக்கு ஓட்டிப் பார்த்துவிடவா?

பதில்: சீலன்ட் காற்றின் ஈரத்தால் இறுகுவது, 24 மணி நேரத்துக்கு 2 முதல் 3 மி.மீ. ஆழம்தான். தடித்த பூச்சுக்கு மூன்று நான்கு நாள் விடுங்கள். பிறகு மறுபடி ஹோஸ் பைப். லோணாவளாவில் ஆண்டுக்கு 4,000 மி.மீ. அளவில் மழை கொட்டுகிறது, புனே நகரம் காண்பதைப் போலப் பல மடங்கு. ஓடும் வண்டியில் எதிர்காற்று அந்த நீரை விளிம்புக்குள் தள்ளவும் செய்யும். வாசலில் தேறிய பிறகு புறப்படுங்கள். முதல் இரவு உள் பலகையை மட்டும் திரும்ப மாட்டவேண்டாம்.